எத்தனை டிகிரின்னு எழுதட்டும்?

— டிகிரி கிடக்கட்டும், மெஷின் பதினாறு கிலோவாட். அதுக்குக் கீழ இறங்கிப் பேசாதீங்க, இன்ஜினியரம்மா.

— பதினாறு கிலோவாட் ஹீட் பம்ப்பை நான் போன மாசம் ஒரு லைப்ரரிக்குப் போட்டேன், மெக்கானிக்கய்யா. ரெண்டு மாடி, நாற்பது ஜன்னல். உங்க வீட்ல மொத்தமே ஒரு ஹால், சமையல்கட்டு, கீழ ஒரு படுக்கை ரூம், மேல ஒண்ணு.

— கேளுங்க. முப்பத்தெட்டு வருஷம் பாய்லர் மெக்கானிக் நான். இந்த ஊர்ல பாதி வீட்டு பாய்லர் இந்தக் கையால மாட்டினது. எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. வீட்டை ஒரு சுத்து சுத்தி வருவோம், மனசுல ஒரு நம்பர் தோணும், அதுக்கு மேல ஒரு சைஸ் கூட்டுவோம். அப்பறம் வீட்டுக்காரம்மா முகத்தைப் பாத்துட்டு இன்னொரு சைஸ் கூட்டுவோம். ஒருத்தர் கூட குளிருதுன்னு என்னைத் திரும்பிக் கூப்பிட்டதில்ல.

— பாய்லருக்கு அது சரி. அதிகமானா தீயைக் குறைச்சுக்கலாம். இது தரைக்கு அடியில நூறு மீட்டருக்குப் போர் போட்டு, மண்ணுல இருக்கற சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமா மேல கொண்டு வர்ற மெஷின். பெருசா போட்டா அஞ்சு நிமிஷம் ஓடும், வீடு சூடாயிடுச்சுன்னு நிக்கும், மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். இருபது வருஷம் உழைக்க வேண்டியது எட்டு வருஷத்துல மண்டையைப் போட்டுடும்.

— சின்னதா போட்டா?

— கடும் குளிர்ல மூச்சு வாங்கும். மண்ணுல இருக்கற சூட்டை அளவுக்கு மீறி இழுத்து, போரைச் சுத்தி தரையே உறைஞ்சு போகும். அதான் சொல்றேன், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அளவெடுத்துத் தைக்கிற சட்டை மாதிரி.

— சட்டையே நான் ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குவேன்.

— தெரியுது. தோள்பட்டை முழங்கைக்கு வந்திருக்கு.

— உங்க வாய்க்குப் பதினாறு பத்தாது போலிருக்கே.

— சரி, பெட்டி பேசட்டும். பத்து நாள் முன்னாடி ரூமுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி வெச்சுட்டுப் போனேன்ல? பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த ரூம்ல எத்தனை டிகிரின்னு அது பதிஞ்சு வெச்சிருக்கும். அதையெல்லாம் இன்னிக்கு எடுத்துக்கறேன். சுவர், ஜன்னல், கூரை அன்னிக்கே அளந்தாச்சு. எனக்குத் தெரிய வேண்டியது இனி ஒண்ணுதான். எந்த ரூமுக்கு எத்தனை டிகிரி வேணும்? அதைச் சொன்னீங்கன்னா சைஸ் தானா வந்துடும்.

— எழுதுங்க. ஹாலுக்கு இருபத்தஞ்சு.

— இருபத்தஞ்சு. சரி.

— எங்க படுக்கை ரூமுக்கு இருபத்தேழு.

— இருபத்தேழுல தூக்கம் வருமா?

— அவளுக்குக் குளிரும். ரெண்டு வருஷமா அவளுக்குக் குளிர் விடல, நானும் இந்த வீட்டை விடல. கூரைக்கு அடியில முழங்கால் உசரத்துக்குப் பஞ்சு அடைச்சேன். கதவு இடுக்குல ரப்பர் ஒட்டினேன். தரைக்கு அடியில தவழ்ந்து போய் பைப்புக்கெல்லாம் சட்டை மாட்டினேன். ஜன்னலெல்லாம் மாத்தி ரெட்டைக் கண்ணாடி போட்டேன். இன்னும் குளிருதுங்கறா.

— டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

— ரத்தம், தைராய்டு எல்லாம் பாத்தாச்சு. ஒரு குறையும் இல்லன்னுட்டார். அப்ப குறை வீட்லதானே?

— ஜன்னலெல்லாம் மாத்தினேங்கறீங்க, படுக்கை ரூம் ஜன்னல் மட்டும் பழைய மர ஜன்னலாவே இருக்கே. ஒத்தைக் கண்ணாடி வேற. அதை மாத்தணும்னு வேலைப் பட்டியல்ல சேத்திருக்கேன்.

— அது... அந்த அளவுக்குக் கிடைக்கல. அதை அப்பறம் பேசிக்கலாம்.

— மாடி ரூமுக்கு?

— இருபத்திநாலு.

— அங்க யார் இருக்காங்க?

— இப்ப யாரும் இல்ல.

— ஆள் இல்லாத ரூமைப் பதினாறுல விட்டுட்டுக் கதவைச் சாத்தினா போதுங்க. மெஷினுக்கு அவ்வளவு பாரம் குறையும்.

— அந்த ரூம் குளிரக் கூடாது. எழுதிட்டீங்களா?

— எழுதிக்கிட்டேன்.

— இன்னொண்ணு. இந்த மெஷின்ல எங்கயும் தீ கிடையாதே?

— கிடையாதுங்க. கரண்ட், தண்ணி, ஒரு கம்ப்ரசர். அவ்வளவுதான்.

— புகை?

— எரியறதுக்கு ஒண்ணுமே இல்லாதப்போ புகை எங்க இருந்து வரும்? போன தடவையும் இதையே ரெண்டு தரம் கேட்டீங்க. இருந்த பாய்லரையும் பிடுங்கிட்டு இப்ப கரண்ட்ல தண்ணி காயவெச்சு வீட்டைச் சூடாக்கிட்டு இருக்கீங்க. பாய்லர் மெக்கானிக்குக்குத் தீன்னா பயமா?

— ரொம்ப வருஷம் பயம் இல்லாமத்தான் இருந்தேன். மணி ரெண்டாகுது, நான் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன். பால் வாங்கணும். தினம் இந்த நேரத்துக்குப் போறதுதான், ரெண்டே முக்காலுக்குள்ள வந்துடுவேன். இவளே, நான் கிளம்பறேன். போர்வையை நல்லா இழுத்துப் போத்திக்க.

— போய்ட்டு வாங்க. மப்ளரை மறந்துடாதீங்க.

— இன்ஜினியரம்மா பெட்டி எடுக்க உன் ரூமுக்கு வருவாங்க. கதவைத் திறந்து போட்டுக்கிட்டுப் பேசிட்டு இருக்காதீங்க, சூடெல்லாம் போயிடும்.

— வா கண்ணு, உள்ள வா. கதவைச் சாத்து. அவர் கேட்டைத் தாண்டிட்டாரா பாரு.

— தெருமுனைக்கே போய்ட்டார்மா. ஏன்?

— சும்மாதான் கேட்டேன். உன் பெட்டி அலமாரி மேல இருக்கு. டீ போட்டுத் தரவா? பால் வேண்டிய மட்டும் இருக்கு.

— ஐயா ஃபிரிட்ஜைத் திறந்தப்போ பாத்தேன், நாலு பாட்டில் இருந்துச்சு. அவர் இப்பவும் பால் வாங்கத்தானே போறார்?

— தினம் ஒண்ணு வாங்கிட்டு வருவார். வேணாம்னு சொன்னா கேக்கறதில்ல. எனக்கும் அது வசதியாப் போச்சு, விட்டுட்டேன்.

— அம்மா, உங்களுக்கு வேர்க்குது.

— எனக்குக் குளிருது கண்ணு.

— மூணு ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க. நெத்தியில இருந்து சொட்டுது.

— நீ பெட்டியைப் பாக்க வந்தியா, என் நெத்தியைப் பாக்க வந்தியா?

— பெட்டியைத்தான் பாக்கறேன். இதோ, கம்ப்யூட்டர்ல மாட்டினா கோடு வரும், நீங்களும் பாருங்க. பத்து நாளா இருபத்தேழுலயே நேரா போகுது. ஆனா தினமும் ரெண்டேகால் மணிக்குத் தடால்னு விழுது. பன்னெண்டு டிகிரி வரைக்கும் இறங்குது. இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஏறுது. திங்கள், செவ்வாய், புதன், எல்லா நாளும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல.

— பெட்டி கெட்டுப் போயிருக்கும்.

— கெட்டுப் போன பெட்டி ஞாயித்துக்கிழமை லீவு எடுக்காதும்மா. இது ஜன்னலைத் திறந்தா விழற விழுகை.

— ஞாயித்துக்கிழமை அவர் வெளிய போக மாட்டார்.

— ம்.

— நீ இவ்வளவு கெட்டிக்காரியா இருந்திருக்க வேணாம். மணி என்ன?

— ரெண்டு பதினாலு.

— திற. அந்தக் கொண்டியைத் தூக்கிட்டு மெதுவா தள்ளு.

— அப்பா, என்ன காத்து.

— ஒரு நிமிஷம் பேசாம இரு. ...ம். இப்பத்தான் உயிர் வருது. இந்தா, இந்த ரெண்டு ஸ்வெட்டரையும் பிடி. கழுத்தைப் பாரு, வேர்க்குரு. கொட்டற பனியில வேர்க்குருவோட இருக்கறவ இந்த ஊர்ல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— அப்ப உங்களுக்குக் குளிரவே இல்ல.

— இருபது டிகிரி இருந்தா நான் மகாராணி மாதிரி இருப்பேன்.

— ஜன்னல் சத்தமே போடலையே. பழைய மரம், கீலெல்லாம் துரு ஏறி இருக்கும்னு நெனைச்சேன்.

— முன்னெல்லாம் தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தும். பயந்து பயந்துதான் திறப்பேன். ஒரு நாள் என்னமோ தானா அடங்கிடுச்சு. என் நல்ல நேரம்.

— அம்மா, நான் கேக்கக் கூடாது. ஆனா அந்த மனுஷன் உங்களுக்குக் குளிருதுன்னு தரைக்கு அடியில தவழ்ந்து போயிருக்கார்.

— தெரியும். டார்ச் பிடிச்சது நான்தான்.

— பிறகு ஏன்மா?

— மாடி ரூமைப் பாத்தியா?

— பாத்தேன். ஒரு கட்டில், ஒரு மேஜை. கதவுக்குப் பின்னாடி ஒரு பெரிய பனிக் கோட்டு தொங்குது.

— எங்க தம்பியோட ரூம். எங்களுக்கு ஒரே பையன். வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போனான், பஸ்ல நாலு மணி நேரம். பழைய கட்டடம், கூரையை ஒட்டினாப்பல ஒரு ரூம். அந்தக் கோட்டைக் கொண்டு போடான்னேன், பழைய ஃபேஷன்மான்னு மாட்டிட்டுப் போய்ட்டான். அந்த வருஷம் குளிர் சீக்கிரமே வந்துடுச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் பண்ணான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தார், நானும் கேட்டுட்டு இருந்தேன். "அப்பா, ரூம் ஹீட்டர் வேலை செய்யல, வீட்டுக்காரர் வந்து பாக்கவே மாட்டேங்கறார், ரொம்பக் குளிருதுப்பா"ன்னான்.

— அவர் என்ன சொன்னார்?

— குளிர் ஆரம்பிச்ச நேரம் கண்ணு. ஊரே பாய்லர் பாய்லர்னு அவரைக் கூப்பிட்டுட்டு இருந்துச்சு. சாப்பிடக்கூட வீட்டுக்கு வர மாட்டார். "ஞாயித்துக்கிழமை வந்து சரி பண்ணித் தர்றேன்டா, அதுவரைக்கும் ரெண்டு ஸ்வெட்டரைச் சேத்துப் போட்டுக்க"ன்னார். தப்பா ஒண்ணும் சொல்லல. எந்த அப்பாவா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

— ம்.

— யாரோ ஒரு கரி அடுப்பு கொடுத்திருக்காங்க. அதை ரூமுக்குள்ள வெச்சுக்கிட்டான். ஜன்னல் இடுக்குலயெல்லாம் துணியை அடைச்சுட்டுப் படுத்துட்டான். வெள்ளிக்கிழமை, இன்னும் வேலைக்கு வரலையேன்னு ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு.

— அம்மா...

— ஊர்ல அத்தனை வீட்டுக்கும் போய், புகை சரியா வெளிய போகுதான்னு பாத்துட்டு வர்ற மனுஷனோட பிள்ளை.

— தண்ணி குடிங்கம்மா.

— வேணாம். கேளு. நாங்க கிளம்பறப்போ அவர் கையில டூல் பாக்ஸ் இருந்துச்சு. எதுக்குன்னு நான் கேக்கல. ஆஸ்பத்திரியில, உடம்பைத் திங்கக்கிழமைதான் தருவோம்னுட்டாங்க. ஞாயித்துக்கிழமை காலைல என்னை லாட்ஜ்ல உக்கார வெச்சுட்டு, அவன் ரூமுக்குப் போய் அந்த ஹீட்டரைச் சரி பண்ணிட்டு வந்தார். "ஒண்ணுமில்ல, ஒரு வால்வுதான், முக்கா மணி நேர வேலை"ன்னார். அதான் அவர் கடைசியா பேசினது.

— கடைசியான்னா?

— வீட்டுக்கு வந்து ஹால்ல அந்தப் பச்சை நாற்காலியில உக்காந்தார். பதினோரு மாசம் கண்ணு. வேலைக்குப் போகல. பேசறது இல்ல. வெச்ச டீ வெச்ச இடத்துலயே ஆறிப் போகும். நானே ஷேவ் பண்ணி விடுவேன், பொம்மை மாதிரி முகத்தைக் காட்டிட்டு இருப்பார். பிள்ளைக்கு அழறதா, இவருக்கு அழறதான்னு தெரியாம ரெண்டுத்துக்கும் சேத்து சமையல்கட்டுல நின்னு அழுதுட்டு வருவேன்.

— அப்பறம் எப்படி...

— ஒரு நாள் மத்தியானம், ஜன்னல் பக்கமா உக்காந்து வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு நெஜமாவே குளிரு. வாய் தவறி, "லேசா குளிருதுங்க"ன்னுட்டேன். சொன்னதும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிடுச்சு. எந்த வார்த்தை அவர் காதுல விழக் கூடாதோ அதையே சொல்லிட்டேன்.

— என்ன செஞ்சார்?

— எழுந்திரிச்சார்.

— ம்.

— எழுந்திரிச்சு, "எங்க இருந்து வருது காத்து?"ன்னு கேட்டார். பதினோரு மாசம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்கறேன். டூல் பாக்ஸைத் தேடி எடுத்தார், ஹால் ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டினார், முட்டி போட்டு உள்ளங்கையை வெச்சு காத்து வருதான்னு பாத்தார். அன்னிக்கு ராத்திரி ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கினார்.

— மறுநாள்?

— மறுநாள் காலைல அந்த நாற்காலி பக்கம் போனார். அவர் உக்காரறதுக்குள்ள நான், "இன்னும் குளிருதுங்க"ன்னேன். அன்னிக்கு ஆரம்பிச்சது. ரெண்டு வருஷமா அதையேதான் சொல்லிட்டு இருக்கேன்.

— அப்ப இந்த வீட்டு வேலை எல்லாமே...

— எல்லாமே. இப்ப நீ வந்து நிக்கறியே, அதுவும்தான். ஏன் கண்ணு, உங்ககிட்ட அடிக்கடி பழுதாகற மாதிரி மெஷின் ஏதாவது இருக்கா?

— இருபத்தஞ்சு வருஷ கம்பெனிம்மா. இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்ல.

— சிரிக்காத. சத்தம் கிடையாது, தீ கிடையாது, பழுது கிடையாது, வீடு தானா சூடாகிடும்னு அன்னிக்கு எவ்வளவு பெருமையா சொன்ன. அப்பறம் நான் குளிருதுன்னு சொன்னா அவர் எதை எடுத்துச் சரி பண்ணுவார்?

— ஒரு ஃபில்டர் இருக்கும்மா, கழட்டிக் கழுவணும். பிரஷர் முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை.

— தினமும் பாக்கணும்னு எழுதிக் கொடு.

— எழுதிக் கொடுக்கறேன். ஆனா சைஸ்ல நான் பொய் எழுத முடியாது. உங்களுக்கு இருபது போதும்னா ஆறு கிலோவாட், ஒரு போர். எல்லா ரூமும் இப்படியே சூடா இருக்கணும்னா எட்டு கிலோவாட், போரும் ரெண்டு. அவ்வளவையும் தரைக்கு அடியில இருந்து இழுத்து, நீங்க ஜன்னல் வழியா தெருவுக்கு அனுப்புவீங்க. அதை விடுங்க, இந்த வேர்க்குருவோட இன்னும் எத்தனை வருஷம் உக்காந்திருப்பீங்க?

— ஆறை வெச்சுட்டுப் பதினாறுன்னு அவர்கிட்ட சொல்லிடேன்.

— மெஷின் மேலயே தகடு இருக்கும்மா. மெக்கானிக் முதல்ல அதைத்தான் படிப்பார்.

— ஆமா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பாய்லர் தகட்டைப் படிச்சுட்டுத்தான் பந்திக்கு வருவார்.

— நீங்களே சொல்லிடுங்க. இருபது போதுங்கன்னு ஒரே வார்த்தை. ஜன்னலைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம்.

— ஒரே வார்த்தையா? குளிருதுன்னு பிள்ளை கூப்பிட்டப்போ போகலையேன்னு தினம் தினம் வெந்துட்டு இருக்கார். அந்த வார்த்தையை வெச்சு உங்களை ரெண்டு வருஷம் ஏமாத்தினேன், நீங்க ஓடி ஓடி வந்ததெல்லாம் பொய்க்குத்தான்னு சொல்லட்டுமா? அந்த நாற்காலி இன்னும் ஹால்லதான் கிடக்கு. தூக்கிப் போடக்கூட எனக்குத் தைரியம் வரல.

— அப்ப அந்த வார்த்தையை இன்னும் எத்தனை வருஷம்மா சொல்லிட்டு இருப்பீங்க?

— எனக்கு மட்டும் சொல்றதுக்கு நல்லாவா இருக்கு? தம்பி கடைசியா சொன்ன வார்த்தை அது. பிள்ளைகிட்ட இருந்து திருடின மாதிரி இருக்கு.

— அம்மா, ரெண்டு முப்பத்தஞ்சு.

— சாத்து. அந்த ஸ்வெட்டரைக் கொடு. சின்னதை முதல்ல.

— இவளே, வந்துட்டேன். எப்படி இருக்கு இப்ப?

— குளிருதுங்க.

— தெரியும். அதான் ஒரேயடியா முடிச்சுடலாம்னு இவங்களைக் கூப்பிட்டிருக்கேன். இந்தா, பால். என்ன சொல்லுது உங்க பெட்டி, இன்ஜினியரம்மா?

— வீட்டை இவ்வளவு நல்லா மூடினவரை நான் பாத்ததில்லன்னு சொல்லுது, மெக்கானிக்கய்யா. உங்க கூரையும் ரப்பரும் சேந்து சூட்டைக் கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கு. அதனால பதினாறுங்கற பேச்சே இல்ல. ஆறு, இல்லன்னா எட்டு. ரெண்டுல ஒண்ணு.

— எந்த ஒண்ணு?

— ரூம்ல எத்தனை டிகிரி வேணுங்கறதைப் பொறுத்தது. அதை அம்மா வாயாலதான் நான் கேக்கணும்.

— சொல்லு இவளே.

— நான் என்னத்தைச் சொல்ல? நீங்க சொன்னதே இருக்கட்டும்.

— உனக்குத்தானே குளிருது. நீதான் சொல்லணும்.

— எத்தனை டிகிரின்னு எழுதட்டும்மா? பேனாவை எடுத்துட்டேன்.

— இருபது...

— இருபதாம்மா?

— இருபத்தேழு. இருபத்தேழே எழுதிடு கண்ணு. குளிருதே.

— நெஜமாத்தான் சொல்றீங்களாம்மா?

— அவதான் சொல்லிட்டாளே. எழுதிட்டீங்களா?

— எழுதிக்கிட்டேன்.

— அப்ப முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போடறீங்க? வாங்க, போர் போடற இடத்தைக் காட்டறேன். இவளே, நீ வெளிய வராத, காத்து அடிக்குது.

— ஒரு போர் இந்த இடத்துல போடலாங்க, வண்டி உள்ள வர்ற மாதிரி இருக்கு. எட்டுன்னா ரெண்டாவது போர் மதில் ஓரமா, ஆறேழு மீட்டராவது தள்ளி.

— அவ உங்ககிட்ட தம்பியைப் பத்திச் சொன்னாளா?

— சொன்னாங்க.

— அவ கண்ணு சிவந்திருந்துச்சு, அதான் கேட்டேன். ஹீட்டரைச் சரி பண்ணினதையும் சொல்லியிருப்பா. முக்கா மணி நேர வேலை. பஸ்ல போய்ட்டு வர எட்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமையே கிளம்பியிருந்தா புதன்கிழமை காலைல வீட்டுக்கு வந்திருப்பேன். ஒரு நாள் பாய்லர் இல்லாம ஊர் செத்தா போயிருக்கும்?

— நீங்க வேணும்னு செய்யலைங்க.

— எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. நல்ல மனசோட சொல்றாங்க. ஆனா அவன் என்னைக் கூப்பிட்டான் பாருங்க. வேற யாரையும் கூப்பிடல, என்னைத்தான் கூப்பிட்டான். இனிமே குளிருதுன்னு ஒரு குரல் கேட்டா நான் உக்காந்திருக்க மாட்டேன். அந்தக் குரலுக்கு நெஜமா குளிருதா இல்லையான்னெல்லாம் நான் பாக்கப் போறதில்ல.

— மெக்கானிக்கய்யா...

— ரெண்டாவது போர் வேணாம். ஆறு போடுங்க. எல்லா ரூமுக்கும் இருபதுன்னு எழுதுங்க. மாடி ரூமுக்கு மட்டும் இருபத்திநாலு இருக்கட்டும், அதுல கை வெக்காதீங்க.

— இப்பத்தானே அம்மா இருபத்தேழுன்னாங்க.

— அவ சொல்லுவா. அவ தகடெல்லாம் படிக்கறவ இல்ல. கேட்டா எட்டுன்னு சொல்லுங்க, பதினாறுன்னு வேணும்னாலும் சொல்லுங்க.

— அவங்களுக்குக் குளிர்ந்தா?

— குளிர்ந்தா என்னைக் கூப்பிடுவா. ஃபில்டர் எதையாவது தினம் கழட்டிக் கழுவற மாதிரி இருந்தா அதையும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. அப்பறம் உங்க பட்டியல்ல அந்தப் படுக்கை ரூம் ஜன்னல் இருக்கு பாருங்க, அதை அடிச்சுடுங்க.

— அது ஒண்ணுதாங்க இந்த வீட்ல ஓட்டை. இவ்வளவு வேலை பாத்துட்டு அதை மட்டும் ஏன் விடறீங்க?

— ஏங்க, எங்க இருக்கீங்க? எனக்குக் குளிருதுங்க.

— இதோ வந்துட்டேன்மா, இப்பவே வர்றேன். ...புது ஜன்னல்னா எப்படிக் கத்துமோ தெரியாது, இன்ஜினியரம்மா. இந்தப் பழசு கத்தினா தெருமுனை வரைக்கும் கேக்கும், நான் அங்கதான் பாலை வாங்கி வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிக்கறேன். பாவம், பயந்து பயந்து திறக்கறாளேன்னு ஒரு நாள் அவ குளிக்கப் போன நேரத்துல அந்தக் கீலுக்கு எண்ணெய் விட்டது நான்தான்.